ரூபி பிளக்இன்னுக்கு சி எக்ஸ்டென்ஷன்: லினக்ஸ், மேக்ஓஎஸ், வின்டோஸ் மூன்றிலும் கம்பைல் செய்ய முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் எங்கள் சிறு குழு வயல் பரப்பு கணக்கிடும் ஒரு பிளக்இன்னை (துணை நிரல்) ரூபி என்ற நிரல் மொழியில் எழுதியது. மூலைகளின் அளவைக் கொடுத்தால் குழி, மா, வேலி என்று பரப்பைச் சொல்லும். ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே ஓட்டத்தில் போட்டபோது வேகம் போதவில்லை. அதனால் கணக்குப் பகுதியை மட்டும் சி மொழிக்கு மாற்றினோம். இப்படி ரூபிக்குள் ஏற்றிக்கொள்ளும் சி பகுதிதான் சி எக்ஸ்டென்ஷன். அதைக் கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல். சி எழுத இரண்டு நாள்தான் ஆனது. அதை மூன்று வகைக் கணினியிலும் ஓட வைக்க மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம் மன்னார்குடி, பாபநாசம், திருவாரூர் பக்கமிருந்து பயிற்சிக்கு வந்த மாணவர்களும் அதே இடங்களில் இடறியதைப் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்கு சி நன்றாகவே தெரியும். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்ததால்தான் மாட்டிக்கொண்டார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், திரையில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும். "மேக்" என்று தனியாக வந்தால் அது கம்பைல் வேலைகளை வரிசையாக ஓட்டும் கட்டளையின் பெயர். இயங்குதளத்தை மேக்ஓஎஸ் என்றும், கணினியை ஆப்பிள் கணினி என்றும் சொல்கிறேன்.

1. எந்த ரூபிக்காகக் கம்பைல் செய்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

கம்பைலரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த எக்ஸ்டென்ஷனைக் கடைசியில் எந்த ரூபி ஏற்றப்போகிறது?

ஒரு கணினியில் இரண்டு மூன்று ரூபி இருப்பது சாதாரணம். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, ஆர்பிஎன்வ் (பல ரூபிப் பதிப்புகளை நிறுவி மாற்றிக்கொள்ள உதவும் கருவி) மூலம் போட்டது ஒன்று, வேறொரு மென்பொருள் தனக்குள் வைத்திருப்பது இன்னொன்று. எக்ஸ்டென்ஷனுக்கான கட்டுமானக் குறிப்பை உருவாக்குவது நீங்கள் ஓட்டும் ரூபிதான். தன் ஹெட்டர் (சி செயற்கூறுகளின், அதாவது ஃபங்ஷன்களின், அறிவிப்புகள் உள்ள கோப்பு) எங்கே, தன்னைக் கம்பைல் செய்த கம்பைலர் எது, என்னென்ன கொடிகள் (கம்பைலருக்கான தேர்வுகள்) என்பதையெல்லாம் அது தனக்குள் இருக்கும் ஆர்பிகான்ஃபிக் என்ற பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் எந்த ரூபியால் அதை ஓட்டுகிறீர்களோ அந்த ரூபிக்குத்தான் எக்ஸ்டென்ஷன் பொருந்தும்.

மூன்று விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "ரூபி -வி" தரும் பதிப்பு எண், ரூபி_பிளாட்ஃபார்ம் என்ற மாறிலியின் மதிப்பு, "ஆர்பிகான்ஃபிக்.ரூபி" காட்டும் முழுப் பாதை. இவற்றை எடுக்க வேண்டிய இடம் பிளக்இன் ஓடப்போகும் சூழல். கைக்குக் கிடைத்த டெர்மினலில் எடுத்தால் வேறு ரூபியின் விவரம் வந்துவிடும்.

பதிப்பு எண்ணில் முதல் இரண்டு பகுதிகள்தான் முக்கியம். 3.3.1-இல் கம்பைல் செய்தது 3.3.5-இல் ஓடும். 3.2-இல் செய்தது 3.3-இல் ஓடாது, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ரூபியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வருவது வழக்கம். ஆகவே பிளக்இன்னைப் பராமரிப்பவருக்கு வருடத்துக்கு ஒரு முறை இந்த வேலை உண்டு என்று இப்போதே கணக்கில் வையுங்கள்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

எந்த இயங்குதளமானாலும் மூன்று பொருள்கள் வேண்டும்: சி கம்பைலர், மேக் கட்டளை, அந்த ரூபிக்கே உரிய ஹெட்டர் கோப்புகள். ரூபி ஓடுகிறது என்பதால் ஹெட்டரும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓட்டுவதற்கு ஹெட்டர் தேவையில்லை, அதனால் பல லினக்ஸ் பகிர்வுகளில் (உபுண்டு, டெபியன் போன்றவை) அது தனித் தொகுப்பாக வரும்.

வேலை செய்யும் ஃபோல்டரின் பாதையில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் இருக்கக் கூடாது. "வயல் கணக்கு" என்று அழகாகப் பெயர் வைத்த ஃபோல்டருக்குள் மேக் கட்டளை போய், இடைவெளிக்கு முன்னால் இருப்பதை ஒரு பெயராகவும் பின்னால் இருப்பதை இன்னொரு பெயராகவும் எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தில் சில கருவிகள் பாதையையே தொலைத்துவிடும். வின்டோஸில் பயனர் பெயரே இடைவெளியோடு இருந்தால் சி டிரைவின் அடியில் நேராக ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வேலை செய்யுங்கள்.

இணைய வேகம் குறைவான இடத்தில் இருப்பவர்கள், வின்டோஸுக்கான கருவித் தொகுப்பையும் ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகளையும் முந்தைய நாள் இரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெரியவை. பாதியில் கரன்ட் போய் அரைகுறையாக நிறுவப்பட்ட கருவித் தொகுப்பு, நிறுவாததைவிட அதிகத் தொல்லை தரும்.

3. ஃபோல்டர் அமைப்பும் எக்ஸ்ட்கான்ஃப் கோப்பும்

எங்கள் எக்ஸ்டென்ஷனின் பெயர் குழி. கோப்புப் பெயரில் அதை கே, யு, இசட், எச், ஐ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைத்தோம். "எக்ஸ்ட்" ஃபோல்டருக்குள் "குழி" ஃபோல்டர், அதற்குள் "குழி.சி" கோப்பும் "எக்ஸ்ட்கான்ஃப்.ஆர்பி" கோப்பும். ரூபிக் கோப்புகள் தனியே "லிப்" ஃபோல்டரில். கையால் செய்ய விரும்பாதவர்கள் பண்ட்லர் என்ற ரூபிக் கருவியின் "பண்டில் ஜெம்" கட்டளைக்கு எக்ஸ்ட் தேர்வாக சி என்று கொடுத்தால் இதே எலும்புக்கூடு கிடைக்கும்.

எக்ஸ்ட்கான்ஃபில் இரண்டே வரி போதும். முதல் வரி எம்கேஎம்எஃப் நூலகத்தை அழைக்கும். இரண்டாவது, கிரியேட்_மேக்ஃபைல் என்ற செயற்கூற்றுக்கு எக்ஸ்டென்ஷனின் பெயரைக் கொடுக்கும். வெளி நூலகம் ஏதாவது தேவைப்பட்டால் நடுவில் ஹேவ்_லைப்ரரி, ஹேவ்_ஹெட்டர் வரிகள் சேரும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது பெயர்ப் பொருத்தம். ரூபி எக்ஸ்டென்ஷனை ஏற்றும்போது, கோப்பின் பெயருக்கு முன்னால் "இனிட்_" சேர்த்து அந்தப் பெயரில் ஒரு செயற்கூற்றைத் தேடும். கோப்பு "குழி" என்றால் "இனிட்_குழி" இருக்க வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்துகூட மாறக் கூடாது. மாட்யூலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குவதால் பலர் இங்கும் பெரிய எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். கம்பைல் எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்துவிடும், ஏற்றும்போதுதான் அந்தச் செயற்கூறு இல்லை என்று பிழை வரும். சி++ பயன்படுத்துகிறவர்கள் இந்தச் செயற்கூற்றை எக்ஸ்டர்ன் சி என்று அறிவிக்காவிட்டால் கம்பைலர் பெயரையே மாற்றி எழுதிவிடும், அப்போதும் இதே பிழைதான்.

இரண்டாவது, ஹேவ்_லைப்ரரியின் பதிலைக் கவனிக்காமல் விடுவது. நூலகம் இல்லையென்றால் அது "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வேலை அங்கேயே நிற்க வேண்டுமென்றால் அபார்ட் கட்டளையோடு ஒரு தெளிவான வாக்கியத்தை எழுதுங்கள். நிறுவுகிறவர் என்ன தொகுப்பைப் போட வேண்டும் என்று அந்த வாக்கியத்தில் சொல்லிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

4. சி எழுதும்போதே பார்க்க வேண்டியது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்ற தவறுகள் பிழைச் செய்தியோடு வந்து நிற்கும். இது சத்தமில்லாமல் தவறான விடையைக் கொடுத்துவிடும்.

ஒரு பயிற்சி மாணவி தன் லினக்ஸ் கணினியில் சோதித்துச் சரியாக வந்த நிரல் கோடை (கோட்), இன்னொருவரின் வின்டோஸில் கம்பைல் செய்தார். "அண்ணே, அதே கோடு, அதே வயல், இங்க மட்டும் 60 குழிதான் காட்டுது" என்றார். வயலின் நீளம் 120 அடி, அகலம் 120 அடி. நம் பக்கக் கணக்கில் 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. ஆகவே விடை சரியாக 100 குழி வந்திருக்க வேண்டும்.

காரணம் சி மொழியின் "லாங்" வகை. 64 பிட் லினக்ஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் லாங் 64 பிட். 64 பிட் வின்டோஸில் அது 32 பிட்தான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. அவர் மூலைகளை மில்லிமீட்டரில் வைத்திருந்தார். 120 அடி என்றால் 36,576 மில்லிமீட்டர். ஒரு மாவின் பரப்பு சதுர மில்லிமீட்டரில் 133,78,03,776, அது அடங்கும். ஆனால் மூலைகளைக் குறுக்காகப் பெருக்கிக் கூட்டும் முறையில் முதலில் கிடைப்பது பரப்பின் இரண்டு மடங்கு: 267,56,07,552. அது வழிந்து எதிர்மறை எண்ணாக மாறியது. குறியை நீக்கி இரண்டால் வகுத்தபோது 60 குழி சொச்சம் வந்து நின்றது. சி மொழியின் விதிப்படி இப்படி வழிந்தால் என்ன விடை வரும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

பார்த்தால் நம்பும்படியான எண் என்பதுதான் இதில் பயம். ஒருவருடைய நிலத்தில் 40 குழியைக் காணாமல் போக்கும் கணக்கு இது. ஆகவே லாங் வேண்டாம். லாங் லாங் அல்லது 64 பிட் என்று பெயரிலேயே சொல்லும் வகையைப் பயன்படுத்துங்கள். ரூபி எண்ணை எடுக்க நம்2எல்எல், திருப்பிக் கொடுக்க எல்எல்2நம். நம்2லாங் உள்ளே வரும் எண் அடங்காவிட்டால் பிழை எழுப்பும். நடுவில் நீங்கள் செய்யும் பெருக்கலை அது காப்பாற்றாது.

அடுத்தது குப்பை சேகரிப்பு, அதாவது இனி தேவையில்லாத பொருள்களை ரூபி தானே நினைவகத்திலிருந்து அழிப்பது. செயற்கூற்றுக்குள் உள்ளூர் மாறியாக இருக்கும் ரூபிப் பொருளை ரூபி அடுக்கைத் துழாவிக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் மால்லாக் மூலம் ஒதுக்கிய நினைவகத்திலோ ஸ்டாட்டிக் மாறியிலோ வைத்தால் அதற்குத் தெரியாது, பொருளை அழித்துவிடும். அலகுகளின் பெயர்களை ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்பி_ஜிசி_ரெஜிஸ்டர்_அட்ரெஸ் மூலம் முன்பே பதிந்துவிடுங்கள். சரத்தின் உள்முகவரியை எடுத்து நீண்ட நேரம் பயன்படுத்தினால், கடைசியில் ஆர்பி_ஜிசி_கார்டு போடுங்கள். கம்பைலர் தன் மேம்படுத்தலில் அந்த மாறியைத் தூக்கிவிடாமல் அது தடுக்கும். ஒரு கணினியில் மாதக்கணக்கில் ஓடிவிட்டு இன்னொன்றில் முதல் நாளே விழுவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

ஆர்பி_ரெய்ஸ் அழைத்தால் கட்டுப்பாடு அங்கிருந்து தாவிப் போய்விடும், நினைவகத்தை விடுவிக்கக் கீழே உள்ள ஃப்ரீ வரி ஓடாது. உள்ளீட்டைச் சரிபார்ப்பதை எல்லாம் நினைவகம் ஒதுக்குவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

5. முதல் கட்டுமானம் லினக்ஸில்

மூன்று இயங்குதளத்துக்கும் வேண்டுமென்றாலும் லினக்ஸிலிருந்து தொடங்குங்கள். கருவிகளை நிறுவ ஒரே வரி, பிழைச் செய்தியும் தெளிவு. கோடில் உள்ள குறையை இங்கேயே தீர்த்துவிட்டால், அடுத்த இரண்டிலும் வருவது சூழலின் குறை மட்டுமே என்று நம்பிப் போகலாம்.

உபுண்டு, டெபியன் வகையில் ஏபிடி மூலம் "பில்ட்-எசென்ஷியல்", "ரூபி-டெவ்" இரண்டையும் நிறுவுங்கள். ரூபி-டெவ் இல்லையென்றால் ரூபியின் ஹெட்டர் கோப்புகளைக் காணவில்லை என்று எம்கேஎம்எஃப் சொல்லும். ஆர்பிஎன்வ் வழியாக ரூபியைக் கம்பைல் செய்திருந்தால் ஹெட்டர் கூடவே வந்திருக்கும், ரூபி-டெவ் தேவையில்லை. ஆனால் அந்த ரூபியைக் கம்பைல் செய்யும் முன் ஓபன்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்யாமல் ஆகியவற்றின் டெவ் தொகுப்புகள் வேண்டும். 3.2-இலிருந்து லிப்யாமல் ரூபியோடு சேர்ந்து வருவதில்லை.

இப்போது எக்ஸ்டென்ஷன் ஃபோல்டருக்குள் "டெம்ப்" என்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு, அதற்குள் நின்றுகொண்டு மேல் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்ட்கான்ஃபை ரூபியால் ஓட்டுங்கள். மேக்ஃபைல் உருவாகும். பிறகு "மேக்" கட்டளை. "குழி.எஸ்ஓ" கோப்பு கிடைக்கும். அதே இடத்திலிருந்து ரூபிக்கு "-ஐ" தேர்வில் ஒரு புள்ளியும் "-ஆர்" தேர்வில் குழி என்ற பெயரும் கொடுத்து ஏற்றிப் பாருங்கள்.

தனி ஃபோல்டர் எதற்கு? மேக்ஃபைலும் டாட் ஓ கோப்புகளும் (கம்பைலின் இடைநிலைக் கோப்புகள்) அந்தக் கணினிக்கே உரியவை. மூலக் கோப்போடு கலந்து கிடந்தால், பென்டிரைவில் முழு ஃபோல்டரையும் நகலெடுக்கும்போது அவையும் கூடவே போகும். அங்கே மேக் கட்டளை "எல்லாம் ஏற்கெனவே தயார்" என்று சொல்லி நின்றுவிடும், அல்லது லினக்ஸ் டாட் ஓ கோப்பை வேறு இயங்குதளத்தின் லிங்கரிடம் (அந்தக் கோப்புகளை இணைக்கும் கருவி) கொடுத்துப் புரியாத பிழையைத் தரும். கலந்துவிட்டால் "மேக் கிளீன்" போதாது, அது மேக்ஃபைலை விட்டுவைக்கும். "மேக் டிஸ்ட்கிளீன்" போடுங்கள்.

ஜெம் (ரூபித் தொகுப்பு) நிறுவும்போது சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போடும் பழக்கத்தை விடுங்கள். சூடோவுக்குள் உங்கள் ஆர்பிஎன்வ் பாதை இருக்காது. இயங்குதளத்தின் ரூபி வந்து அதற்காகக் கம்பைல் செய்துவிட்டுப் போகும். முதல் படியில் தாளில் எழுதியது வேறு, நடந்தது வேறு என்று ஆகிவிடும்.

6. பிழைச் செய்தியை எங்கிருந்து படிப்பது

பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கடைமடையில் நின்று பார்த்துப் பயனில்லை, மேலே ஏறிப்போய் எந்த மதகு மூடியிருக்கிறது என்று பார்ப்போம். இங்கும் அதே வழிதான்.

ஜெம் நிறுவல் தோற்றால் "நேட்டிவ் எக்ஸ்டென்ஷனைக் கட்ட முடியவில்லை" என்ற பொருளில் ஒரு வரி வரும். மாணவர்கள் அந்த ஒரு வரியைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குக் கீழே எம்கேஎம்எஃப்.லாக் என்ற கோப்பின் பாதை இருக்கும். அதைத் திறந்து மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் எந்தச் சிறு சி நிரலை எந்தக் கட்டளையால் கம்பைல் செய்து பார்த்தது, என்ன பதில் வந்தது என்று முழுதாக இருக்கும். அதில் வரும் முதல் பிழைதான் காரணம், மற்றவை அதன் விளைவு.

எக்ஸ்ட்கான்ஃப் தாண்டி மேக் கட்டத்தில் விழுந்தால், "மேக்" கட்டளையோடு "வி=1" சேர்த்து ஓட்டுங்கள். ஓடும் கட்டளைகளை முழு வடிவில் காட்டும். எந்த ஹெட்டர் பாதை போகிறது என்று அதில் பார்த்தால், வேறு ரூபியின் ஹெட்டர் நுழைந்திருப்பது உடனே தெரிந்துவிடும்.

7. மேக்ஓஎஸ்

கம்பைலருக்கு ஆப்பிளின் முழு எக்ஸ்கோட் மென்பொருள் தேவையில்லை. "எக்ஸ்கோட்-செலெக்ட் --இன்ஸ்டால்" கொடுத்தால் கட்டளைவரிக் கருவிகள் மட்டும் வரும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் கம்பைல் ஓடவில்லை, டெவலப்பர் பாதை செல்லாது என்கிறதென்றால் இதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

ஆப்பிள் கூடவே தரும் ரூபி 2.6 வகையைச் சேர்ந்தது, பழையது. அதைத் தொடாமல் ஹோம்ப்ரூ (மேக்ஓஎஸ்ஸில் மென்பொருள் நிறுவும் கருவி) அல்லது ஆர்பிஎன்வ் மூலம் புதியதை நிறுவுங்கள். ஹோம்ப்ரூவின் ரூபி தானாகப் பாதையில் முன்னால் வராது, நிறுவும்போது அது காட்டும் வரியை ஷெல் அமைப்பில் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் கம்பைல் செய்தால் பழைய ரூபிக்கே போய்ச் சேரும்.

2020 முதல் வந்த ஆப்பிள் சிப் கணினிகளில் இன்னொரு பார்வை வேண்டும். டெர்மினல் ரொசெட்டாவில் (இன்டெல் நிரல்களை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் வசதி) திறந்திருந்தால், இன்டெல் ரூபி ஓடி இன்டெல் கோப்பு உருவாகலாம். ஆப்பிள் சிப்புக்கான ஆர்ம் ரூபி அதை ஏற்றாது. கட்டமைப்பு பொருந்தவில்லை, கையில் இருப்பது இது, தேவை அது என்று பிழையிலேயே இரண்டு பெயரும் இருக்கும். "ஃபைல்" கட்டளைக்கு உருவான கோப்பைக் கொடுத்துச் சரிபாருங்கள். இங்கே கோப்பின் பின்னொட்டு எஸ்ஓ இல்லை, பண்டில்.

வெளி நூலகங்கள் இன்டெல் கணினியில் "யூஎஸ்ஆர் லோக்கல்" பாதையிலும், ஆப்பிள் சிப்பில் "ஆப்ட் ஹோம்ப்ரூ" பாதையிலும் இருக்கும். எக்ஸ்ட்கான்ஃபில் டிர்_கான்ஃபிக் வரி எழுதிவிட்டால் நிறுவுகிறவர் "--வித்" என்று தொடங்கும் தேர்வில் பாதையைக் கொடுத்துக்கொள்ளலாம். உங்கள் கணினிப் பாதையை நேராக எழுதி வைக்காதீர்கள்.

லினக்ஸில் எச்சரிக்கையாக மட்டும் வந்த ஒன்று இங்கே பிழையாகும்: ஹெட்டரைச் சேர்க்காமல் ஒரு செயற்கூற்றை அழைப்பது. 2020-இல் வந்த எக்ஸ்கோட் 12 முதல் இது பிழைதான். 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் லினக்ஸிலும் பிழை. கம்பைலர் கொடியைப் போட்டு வாயை அடைக்காமல், விடுபட்ட ஹெட்டரைச் சேருங்கள்.

8. வின்டோஸ்

ரூபிஇன்ஸ்டாலர் தளத்தில் "டெவ்கிட்" என்ற சொல்லோடு இருக்கும் பதிப்பை எடுங்கள். நிறுவி முடிந்ததும் ஒரு கறுப்புத் திரை "ரிட்க் இன்ஸ்டால்" ஓட்டி என்னென்ன வேண்டும் என்று கேட்கும். அதை மூடிவிடுகிறவர்கள் ஏராளம். மூடாதீர்கள், கம்பைலரும் மேக் கட்டளையும் அங்கேதான் வருகின்றன. எம்எஸ்ஒய்எஸ்2 அடிப்படையையும் மிங்டபிள்யூ கருவித் தொகுப்பையும் தேர்ந்தெடுத்து முடிவு வரை காத்திருங்கள். மூடிவிட்டிருந்தால் "ரிட்க் இன்ஸ்டால்" என்று பிறகு அடித்தாலும் போதும்.

ஜெம் நிறுவும்போது ரூபிஇன்ஸ்டாலர் தானே கருவிகளைப் பாதையில் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் கையால் மேக் ஓட்டும்போது சேர்க்காது. அதனால் "ஜெம் இன்ஸ்டால் ஓடுகிறது, மேக் மட்டும் தெரியாத கட்டளை என்கிறது" என்ற குழப்பம் வரும். முதலில் "ரிட்க் இனேபிள்" அடித்துவிட்டு, அதே சாளரத்தில் எக்ஸ்ட்கான்ஃபும் மேக்கும் ஓட்டுங்கள்.

உருவாகும் கோப்பின் பின்னொட்டு வின்டோஸிலும் எஸ்ஓதான். டிஎல்எல் எங்கே என்று தேட வேண்டாம். இந்த ஒற்றுமைதான் அடுத்த பெரிய தவறுக்கும் இடம் கொடுக்கிறது. டபிள்யூஎஸ்எல் (வின்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்கள் அதற்குள் கம்பைல் செய்து, கிடைத்த எஸ்ஓ கோப்பை வின்டோஸ் ரூபிக்கு நகலெடுக்கிறார்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது லினக்ஸ் கோப்பு. ஏற்றும்போது 193 என்ற எண்ணோடு, இது செல்லத்தக்க வின்32 நிரல் இல்லை என்று வரும்.

எண்களை நினைவில் வைத்தால் நேரம் மிச்சம். 193 என்றால் கோப்பின் வகையோ 32, 64 பிட்டோ மாறியிருக்கிறது. 126 என்றால் குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை என்று பொருள். கண்ணெதிரே குழி.எஸ்ஓ இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் திகைப்பாக இருக்கும். காணாமல் போனது அது சார்ந்திருக்கும் வேறொரு டிஎல்எல். 127 என்றால் அந்த டிஎல்எல் கிடைத்தது, அதில் எதிர்பார்த்த செயற்கூறு இல்லை, பெரும்பாலும் பதிப்பு வேறு. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க "ஆப்ஜ்டம்ப் -பி" உதவும். லினக்ஸில் இதே வேலைக்கு "எல்டிடி", மேக்ஓஎஸ்ஸில் "ஓடூல் -எல்".

ரூபிஇன்ஸ்டாலர் 3.1 முதல் அடிப்படை சி நூலகம் எம்எஸ்விசிஆர்டி-யிலிருந்து யூசிஆர்டி-க்கு மாறியது. பிளாட்ஃபார்மின் பெயரும் மாறி, "மிங்டபிள்யூ-யூசிஆர்டி" என்று முடியும். பழைய ரூபிக்காகக் கட்டிவைத்த ஸ்டாட்டிக் நூலகத்தைப் புதியதோடு இணைக்காதீர்கள். ஒரு நூலகம் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்று விடுவிக்கப் போய் நிரல் விழும். பேக்மேனில் (எம்எஸ்ஒய்எஸ்2-இன் தொகுப்பு நிறுவி) தொகுப்பு தேடும்போதும் பெயரில் யூசிஆர்டி இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

திருத்தி மறுபடி கம்பைல் செய்யும்போது "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால், நிர்வாகியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். ஏதோ ஒரு ரூபி இன்னும் பழைய கோப்பை ஏற்றி வைத்திருக்கிறது. அதை மூடினால் சரியாகிவிடும்.

9. ரூபியை உள்ளே வைத்திருக்கும் மென்பொருள்: ஸ்கெட்ச்அப்

கட்டட வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப்பில் பிளக்இன்கள் ரூபியில்தான் எழுதப்படுகின்றன. அதன் ரூபி அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கணினியில் நிறுவிய ரூபி எந்தப் பதிப்பாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ரூபி கன்சோலைத் திறந்து ரூபி_வெர்ஷன், ரூபி_பிளாட்ஃபார்ம் இரண்டையும் கேளுங்கள். அதற்காகத்தான் கம்பைல் செய்ய வேண்டும். ரூபிஇன்ஸ்டாலரில் கம்பைல் செய்த கோப்பை அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டு ஏற்றவில்லையே என்று இரண்டு நாள் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கெட்ச்அப் தரப்பே கிட்ஹப்பில் சி எக்ஸ்டென்ஷன் மாதிரித் திட்டங்களை வைத்திருக்கிறது. வின்டோஸுக்கு விஷுவல் ஸ்டூடியோ, மேக்ஓஎஸ்ஸுக்கு எக்ஸ்கோட் திட்டக் கோப்புகளும், பதிப்புவாரியாக ரூபி ஹெட்டர்களும் அதில் உண்டு. அதை எடுத்து மாதிரியை மாற்றாமல் ஒருமுறை கம்பைல் செய்து ஏற்றிப் பாருங்கள். அது ஓடிய பிறகே உங்கள் கோடை உள்ளே வையுங்கள்.

ஏற்றிய எக்ஸ்டென்ஷனை ஓடிக்கொண்டிருக்கும் ரூபியிலிருந்து இறக்க முடியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அதனால் கணக்கைத் தனி சி கோப்பாக வைத்து, வெளியிலேயே சோதித்துவிட்டுக் கடைசியில் இணைப்பதே நல்லது.

பல ரூபிப் பதிப்புக்குக் கொடுப்பதென்றால் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில் வின்டோஸின் எஸ்ஓ, மேக்ஓஎஸ்ஸின் பண்டில் இரண்டையும் வையுங்கள். ஒரு சிறிய ரூபிக் கோப்பு, ஓடும் பதிப்பின் முதல் இரண்டு எண்ணைப் பார்த்து உரிய ஃபோல்டரிலிருந்து ஏற்றட்டும். கிடைக்கவில்லையென்றால் அதே கணக்கை ரூபியிலேயே செய்யும் மாற்று வழியும் இருக்கட்டும். மெதுவாக ஓடினாலும் ஓடும். ஸ்கெட்ச்அப் உள்ளே எல்லா நீளத்தையும் அங்குலத்தில் வைத்திருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். அதன் கணக்கில் ஒரு குழி 20,736 சதுர அங்குலம்.

10. மற்றவர்களுக்குக் கொடுப்பது

எல்லாரும் கம்பைலர் வைத்திருப்பவர்கள் என்றால் மூல ஜெம் போதும், நிறுவும்போது அங்கேயே கம்பைல் ஆகும். அலுவலகக் கணினியில் கம்பைலர் நிறுவ முடியாதவர்களுக்கு முன்பே கட்டிய ஜெம் வேண்டும். ரேக்-கம்பைலர் இதற்கான பணிகளைத் தருகிறது. ரேக்-கம்பைலர்-டாக், டாக்கருக்குள் மற்ற இயங்குதளங்களுக்கும் சேர்த்துக் கட்டித் தரும். கையில் ஆப்பிள் கணினி இல்லாதவர்கள் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் மூன்று இயங்குதளத்தையும் வரிசையிட்டு, செட்டப்-ரூபி மூலம் ஒவ்வொரு ரூபிப் பதிப்பிலும் ஓட்டலாம்.

லினக்ஸுக்கு முன்பே கட்டும்போது, நீங்கள் ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய பகிர்வில் கட்டுங்கள். புதிய ஜிலிப்சியில் (பெரும்பாலான லினக்ஸ் பகிர்வுகளின் அடிப்படை சி நூலகம்) கட்டியது பழையதில் ஏறாது, பழையதில் கட்டியது புதியதில் ஏறும். ஆல்பைன் லினக்ஸ், மஸ்ல் என்ற வேறு நூலகத்தில் ஓடுவதால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

எங்கள் சோதனையில் இரண்டு வயல்கள் எப்போதும் இருக்கும். ஒன்று 120 அடிக்கு 120 அடி, விடை 100 குழி. மற்றது 600 அடிக்கு 480 அடி, விடை 2,000 குழி, அதாவது ஒரு வேலி. எந்தக் கணினியில் கம்பைல் ஆனாலும், உருவான ஜெம்மைப் புதிதாக நிறுவி, மூலக் கோப்புகள் இல்லாத வேறு ஃபோல்டரில் நின்று இந்த இரண்டையும் ஓட்டிய பிறகே வெளியே கொடுக்கிறோம். மூல ஃபோல்டரில் நின்று ஓட்டினால், பழைய எஸ்ஓ கோப்பு அங்கேயே கிடந்து அதை ஏற்றிவிடும், சோதனை முழுக்கப் பழைய கோடின் மேல் நடந்து முடிந்துவிடும்.